கிளாராவின் படத்தைச் சோகப் படமாக்காதீர்கள்

பதினேழாம் நூற்றாண்டின் பெரிய ஐரோப்பிய ஓவியர் பீட்டர் பால் ரூபன்ஸ் தன் மகள் கிளாரா செரீனாவை வரைந்த ஓவியத்தை யாராவது அவ்வப்போது பகிர்வார்கள். கூடவே ஒரு வரி கட்டாயம் இருக்கும்: ‘இந்தக் குழந்தை 12 வயதில் இறந்துவிட்டாள்.’ அவ்வளவுதான், கமெண்ட் முழுக்கக் கண்ணீர். எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு.

தகவல் உண்மைதான். 1611இல் பிறந்தவள், 1623இல் போய்விட்டாள். ஆனால் படம் வரைந்தது ஏறத்தாழ 1616இல். அவளுக்கு வயது 5. தூரிகை பிடித்த அப்பாவுக்குப் பின்னால் வரப்போவது எதுவும் தெரியாது. அவர் மனதில் இல்லாத துக்கத்தை நாம் ஏன் அந்த முகத்தில் ஏற்ற வேண்டும்?

படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். பிள்ளை நேருக்கு நேராகப் பார்க்கிறாள். கன்னம் இரண்டும் சிவந்திருக்கின்றன. மூக்கு நுனியில் பொட்டு மாதிரி ஒரு வெளிச்சம். இழுத்து வாரிய தலையில் நாலைந்து முடி அடங்காமல் நிற்கிறது. உதட்டோரத்தில் சிரிப்பு இப்போதோ அப்போதோ என்று எட்டிப் பார்க்கிறது. முகத்துக்கு இவ்வளவு பொறுமை காட்டியவர், உடைக்கு வந்ததும் நாலு இழுப்பு இழுத்துவிட்டு நிறுத்திக்கொண்டார். காசு கொடுத்துப் படம் கேட்டவர்களிடம் இப்படி நீட்ட முடியுமா? அவர்களுக்குப் பட்டும் லேஸும் பளபளக்க வேண்டும். இது வீட்டுக்காக வரைந்த படம் என்றே எனக்குப் படுகிறது.

அளவும் சிறியது, 37க்கு 27 சென்டிமீட்டர்தான். சில ஆண்டுகளுக்கு முன்புதான் ஆண்ட்வெர்ப் நகரப் பேராலயத்துக்கு, இயேசுவைச் சிலுவையிலிருந்து இறக்கும் காட்சியை நாலு மீட்டருக்கும் மேல் உயரத்தில் வரைந்து கொடுத்திருந்தார். அரசவை ஓவியர், உதவியாளர்கள் நிறைந்த பட்டறை, குவியும் வேலை. இதற்கு நடுவில் மகளை எதிரே வைத்துக்கொண்டு வரைந்திருக்கிறார். ஐந்து வயதுப் பிள்ளை எவ்வளவு நேரம் அசையாமல் இருக்கும்? அந்த உடையில் தெரிகிற அவசரத்துக்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

பத்து வருடம் கழித்து மகன்கள் ஆல்பர்ட்டையும் நிக்கோலாஸையும் சேர்த்து முழு உருவமாக வரைந்தார். பெரியவன் கையில் புத்தகம், சின்னவன் கையில் நூல் கட்டிய குருவி. உடுப்பெல்லாம் அமர்க்களம். இரண்டு படங்களும் லிச்சென்ஸ்டைன் அரச குடும்பத்தின் சேகரிப்பில்தான் இருக்கின்றன. பையன்கள் படம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனாலும் அவர்கள் நாலு பேர் பார்க்கட்டும் என்று உடுத்திக்கொண்டு நிற்கிறார்கள். கிளாரா அப்பாவை மட்டும்தான் பார்க்கிறாள். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் எனக்கு அவள் படம் போதும்.