ஸ்டாம்பில் என்ன டச்?

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் வந்திருந்தான். கோவையில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். நண்பர்கள் சேர்ந்து ஏற்காட்டில் காட்டேஜ் எடுக்கிறார்களாம், ஒருவன் 'ஸ்டாம்ப்' கொண்டுவருகிறானாம், அதாவது எல்எஸ்டி என்ற போதைப்பொருளில் நனைத்த சின்னத் தாள். நான் வாய் திறப்பதற்குள் முந்திக்கொண்டான்: "எல்எஸ்டியால யாரும் செத்ததில்ல மாமா."

திட்டவில்லை. முக்கால்வாசி சரிதான், எல்எஸ்டியின் நஞ்சால் மட்டுமே நேர்ந்த சாவு மிக அரிது. ஆனால் அந்தத் தாளில் இருப்பது எல்எஸ்டிதான் என்று யார் சொன்னது?

படித்தது எம்.எஸ்சி. வேதியியல், பிழைப்பு செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை. கட்டி வெள்ளி வந்தால் முதல் கேள்வியே "என்ன டச்?", அதாவது எவ்வளவு சுத்தம் என்பதுதான். ஸ்டாம்ப் வாங்குகிறவன் அதைக் கேட்பதே இல்லை.

25ஐ-என்பிஓஎம்இ என்று ஒரு செயற்கை ரசாயனம் உண்டு. பெர்லினில் ரால்ஃப் ஹைம் என்பவர் தன் முனைவர் பட்ட ஆய்வில், 2003-இல் விவரித்தது. மூளையில் செரட்டோனின் என்ற ரசாயனம் வந்து ஒட்டும் ஏற்பிகளில் ஒருவகையை ஆராய நல்ல கருவி. அதன் பங்காளி மூலக்கூறு ஒன்றில் கதிரியக்கக் கார்பனை ஏற்றி, அந்த ஏற்பிகளை ஸ்கேனில் படமே எடுக்கிறார்கள். இதுவரை குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. 2010 வாக்கில் இணையத்தில் விற்பனைக்கு வந்தது. அப்புறம் அதே மாதிரித் தாளில் நனைத்து, எல்எஸ்டி என்றே பலர் விற்றார்கள். வலிப்பு, கொதிக்கும் உடம்பு, தசை சிதைந்து கிட்னி பழுது, பல நாடுகளில் சாவு. 2015-இல் ஐ.நா. தடைப் பட்டியலில் சேர்த்தது.

"கசந்தா துப்பிடணும், அவ்வளவுதான மாமா?" என்றான். எல்எஸ்டிக்குச் சுவை இல்லை, இது கசக்கும், நிஜம்தான். ஆனால் இது விழுங்கி ஏறுவதைவிட வாயின் உள்தோல் வழியாகத்தான் நன்றாக ஏறும். நாக்கு கசப்பைச் சொல்லும்போதே உள்ளே போக ஆரம்பித்திருக்கும்.

அளவோ ஒரு மில்லிகிராமுக்கும் கீழே. என் பட்டறைத் தராசு 10 மில்லிகிராமுக்குக் குறைந்து காட்டாது, ஃபேன் ஓடினால் அதுவும் ஆடும். யாரோ ஒருவன் ரூமில் உட்கார்ந்து நனைத்த தாளில் எந்தக் கட்டத்தில் எவ்வளவு ஊறியது என்று அவனுக்கே தெரியாது.

கடைசியாக ஒன்று கேட்டேன்.

"ராத்திரி ஒருத்தனுக்கு வலிப்பு வந்தா சேலத்துக்குத் தூக்கிட்டு வரணும். இருபது கொண்டை ஊசி வளைவு. வண்டி யாரு ஓட்டுவா?"

கொஞ்ச நேரம் யோசித்தான்.

"நான்தான் மாமா. மத்தவனுங்க யாருக்கும் லைசென்ஸ் இல்ல."