பாவைக்குப் பின்னால் ஒரு விளக்கு

கடந்த டிசம்பர் விடுமுறையில் குடும்பத்துடன் உதய்ப்பூர் சென்று வந்தோம். நாகர்கோவிலிலிருந்து அவ்வளவு தூரம் போனவர்கள் அரண்மனையையும் ஏரியையும் பற்றித்தான் எழுதுவார்கள். எனக்கோ, அங்குள்ள பாரதிய லோக் கலா மண்டலின் அருங்காட்சியகத்தைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. தேவிலால் சாமர் 1952ஆம் ஆண்டில் தொடங்கிய நிறுவனம் அது. முகமூடிகளும் இசைக்கருவிகளும் நாட்டார் உடைகளும் அறை அறையாக இருந்தாலும், எங்கள் கால்கள் நின்றது கட்புத்லி எனப்படும் மரப்பாவைகளின் முன்புதான்.

கட்புத்லிக்குக் கால் கிடையாது. மாமரக் கட்டையில் செதுக்கிய தலை, துணி சுற்றிய உடம்பு, தரையைத் தொடும் நீளமான பாவாடை, மேலே சில நூல்கள், அவ்வளவுதான். பாவாடை அசைவதை வைத்துக்கொண்டு அது நடக்கிறது என்று நாமாகவே எண்ணிக்கொள்கிறோம். வரிசையாகத் தொங்கிய பாவைகளைப் பார்த்தபோது, உண்மையைச் சொன்னால், எனக்குப் பெரிய வியப்பு எதுவும் ஏற்படவில்லை. கடைத்தெருவில் இதே போன்றவற்றைக் கொத்துக்கொத்தாக விற்கிறார்கள். ஆனால் அதே வளாகத்தில் உள்ள அரங்கில் போய் அமர்ந்த சில நிமிடங்களில் நிலைமை மாறிவிட்டது. ஆட்டக்காரர் 'போலி' என்னும் சிறிய ஊதலைப் பற்களுக்கிடையே வைத்துக் கீச்சென்று ஒலியெழுப்ப, மத்தளம் அதற்குப் பதில் சொல்ல, சற்றுமுன் சுவரோரம் உயிரற்றுத் தொங்கிய அதே வகைப் பாவை இடுப்பை வெட்டி ஆடியது. என் பேரன் அருங்காட்சியகத்தில் எதையும் கேட்காதவன், அரங்கிலிருந்து வெளியே வந்ததும் மீண்டும் அந்தப் பாவைகளிடம் போக வேண்டும் என்று அடம்பிடித்தான். இரண்டாவது முறை போனபோது ஒவ்வொன்றின் முன்பும் நின்று நூல் எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்தான்.

இதற்கு நேர்மாறான ஓர் அனுபவமும் எனக்கு உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், பெயர் சொல்ல விரும்பாத ஓர் அருங்காட்சியகத்தில், விளக்கொளியில் திரைக்குப் பின்னாலிருந்து ஆட்டும் தோல்பாவை ஒன்றைப் பலகையில் ஆணியடித்து, கண்ணாடிக்குள் வைத்து, முன்பக்கத்திலிருந்து விளக்குப் போட்டிருந்தார்கள். கீழே 'தோல்பாவை, ஆட்டுத்தோல்' என்று இரண்டே சொற்கள். அது எந்தக் கதையின் எந்தப் பாத்திரம் என்றுகூட எழுதவில்லை. பழைய செருப்புக்கடையில் மாட்டிய தோல்துண்டு போல அது இருந்தது. தோல்பாவை என்பது வெளிச்சம் ஊடுருவிச் செல்வதற்காகவே சுரண்டி மெலிதாக்கப்பட்ட பொருள். அதன் முகத்தில் விளக்கடிப்பது, புல்லாங்குழலைச் சுவரில் மாட்டி இதுதான் இசை என்று சொல்வதற்குச் சமம்.

சிறுவயதில் பூதப்பாண்டி பக்கம், அறுவடை முடிந்த வயலில் பாட்டாவுடன் பாவைக்கூத்து பார்த்திருக்கிறேன். எங்கள் பகுதியில் மழை பொய்த்தால் இராமாயணக் கூத்து நடத்துவதும் உண்டு. முன்னால் இருந்து பார்த்து அலுத்து நான் மெல்ல எழுந்தபோது, "எங்கல போற? பின்னால போய்ப் பாத்தா ராமன் செத்துப் போவான்" என்று பாட்டா அதட்டினார். நான் போனேன். வெள்ளை வேட்டித் திரைக்குப் பின்னால் ஒரேயொரு மனிதர், தலைக்கு மேல் தொங்கிய விளக்கின் அடியில் வியர்க்க வியர்க்க அமர்ந்து, இராவணனுக்கும் சீதைக்கும் தானே குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். பாவையைத் திரையோடு ஒட்டிப் பிடித்தால் நகைகளின் ஓட்டைகள் வரை துல்லியமாகத் தெரிவதையும், விளக்கின் பக்கம் இழுத்தால் உருவம் பெருத்து மங்கி மறைவதையும் அன்றுதான் கண்டேன். ஓர் அனுமனின் தோள்மூட்டு அறுந்து, கறுப்பு நூலால் தைக்கப்பட்டிருந்தது. முன்னாலிருந்து பார்த்தவர் எவருக்கும் அந்தத் தையல் தெரிந்திருக்காது. இராமன் சாகவில்லை. சற்று நேரத்தில் காற்றடித்து வேட்டி உப்பியபோது மட்டும் அவனுடைய வில் இரண்டாக மடிந்தது.

குமரி மாவட்டத்தில் இக்கலையை நடத்திவந்தவர்கள் மண்டிகர் சமூகத்தினர். தஞ்சை மராட்டியர் காலத்தில் தமிழகத்துக்கு வந்தவர்கள் என்று சொல்லப்படும் இவர்கள், வீட்டில் மராத்தி பேசி, திரைக்குப் பின்னால் நம் வட்டாரத் தமிழில் உச்சிக்குடும்பனையும் உளுவத்தலையனையும் பேச வைத்தார்கள். இராமனைப் பார்க்கப் போனவர்களைவிட இந்த இரு கோமாளிகளின் வம்புப் பேச்சுக்காகப் போனவர்களே அதிகம் என்பது என் கணிப்பு. ஆய்வாளர் அ.கா. பெருமாள் இக்கலைஞர்களோடு பழகி, இந்தக் கூத்தை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். அந்த எழுத்து இல்லையென்றால் இன்று பேசுவதற்கே நம்மிடம் பெரிதாக ஒன்றும் இருந்திருக்காது.

கேரளத்தின் பாலக்காடு, திருச்சூர் பக்கத்துப் பகவதி கோயில்களில் பாவைக்கூத்துக்கென்றே கூத்துமாடம் கட்டி, 21 விளக்குகளை வரிசையாக ஏற்றி, கம்பராமாயணப் பாடல்களைத் தமிழிலேயே பாடுகிறார்கள். அங்கே பார்வையாளர் எவரும் இல்லாவிட்டாலும் கூத்து நிற்பதில்லை, ஏனெனில் பார்க்க வேண்டியவள் தேவி. அக்கலைஞர்களில் ஒருவரான இராமச்சந்திர புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. நம் ஊரில் கூத்துக்குக் கோயில் மாடமும் கிடைக்கவில்லை, நிலையான கூரையும் கிடைக்கவில்லை. பாவைகள் ஒரு பெட்டிக்குள் ஊர் ஊராகச் சுற்றின.

எனவே குமரியில் ஒரு பாவை அருங்காட்சியகம் வேண்டும் என்று நான் சொல்கிறேன். அதற்கு உகந்த இடம் கன்னியாகுமரிதான். விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் போகும் படகுகள் மாலையோடு நின்றுவிடும். சூரியன் கடலில் இறங்கிய பிறகு, சங்கு மாலை வாங்குவதையும் சுக்குக் காபி குடிப்பதையும் தவிர பயணிகளுக்கு அங்கே வேலை எதுவுமில்லை. பாவைக்கூத்துக்கோ இருட்டினால்தான் வேலையே தொடங்கும். இப்படிப் பொருந்திவரும் இன்னொரு கலையும் ஊரும் எனக்குத் தெரியவில்லை.

இரண்டு பருவமழையும் கடற்காற்றும் சேர்ந்த ஊரில் ஆட்டுத்தோல் பூஞ்சை பிடித்துச் சுருளும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். சரிதான். பழைய பாவைகளை ஈரம் புகாத அறையில் படுக்கையாக வைத்து, பின்னாலிருந்து மங்கிய வெளிச்சம் தரட்டும். ஆட்டத்துக்குப் புதிய பாவைகளை, கலைஞர் குடும்பத்தாரையே மாதச் சம்பளத்துக்கு அமர்த்தி, பார்வையாளர் கண்முன்னே செய்ய வைக்கட்டும். தோலை ஊறவைத்து, மயிர் நீக்கி, விறைப்பாக இழுத்துக் காயவைத்து, உளியால் துளையிடுவதைப் பார்க்க வருபவன் கூத்தையும் பார்க்காமல் போகமாட்டான். ஆண்டுக்கொரு முறை விழா நடத்தி, சால்வை போர்த்தி, புகைப்படம் எடுத்து அனுப்பிவிடுவதைக் கலைப் பாதுகாப்பு என்று தயவுசெய்து யாரும் சொல்ல வேண்டாம்.

கட்டடம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. ஓர் இருட்டறை, ஒரு வெள்ளை வேட்டி, ஒரு விளக்கு, நூறு பேர் தரையில் உட்கார இடம், திரைக்குப் பின்னால் போய்ப் பார்க்க ஒரு வழி. மின்விசிறியை மட்டும் திரையைப் பார்த்து வைத்துவிடாதீர்கள், இராமனின் வில் மடிந்துவிடும்.