பெல்ட்டை எங்கே மாட்டுவது?
கட்டட வேலையில் உயரத்திலிருந்து விழுந்த தொழிலாளியைப் பற்றிய கட்டுரையில், 'பாதுகாப்பு பெல்ட் கொடுத்திருந்தோம், அவர்தான் மாட்டவில்லை' என்று ஒப்பந்தக்காரர் சொல்வதைப் படித்ததும் எரிச்சல்தான் வந்தது. நான் சிங்கப்பூரில் ஆறு வருடம் சாரம் கட்டும் வேலை பார்த்தவன். அங்கே 3 மீட்டருக்கு மேலிருந்து விழ வாய்ப்புள்ள வேலை என்றால் பெர்மிட் (எழுத்தில் தரும் அனுமதி) இல்லாமல் ஏறக்கூடாது, பெல்ட்டின் கொக்கியை மாட்டும் இடம், ஓரத் தடுப்பு எல்லாம் பார்த்த பிறகுதான் அதில் கையெழுத்து, அதெல்லாம் முதலாளி பொறுப்பு என்று சட்டமே சொல்கிறது. (அங்கேயும் ஏமாற்றுகிறவர்கள் உண்டு, அது வேறு கதை.) நம்ம ஊரில் சவுக்குக் கம்பில் கயிறு கட்டி, இரண்டு பலகை போட்டு மூன்றாவது மாடிப் பூச்சு வேலைக்கு ஏற்றுகிறார்கள். பெல்ட்டை அந்தக் கம்பில் மாட்டினால் ஆளோடு சேர்ந்து கம்பும்தான் வரும். ஓரத்தில் கைப்பிடிக் கம்பி கட்ட அரை நாள்கூட ஆகாது, அதற்குக் கூலி கொடுக்கத்தான் மனசு வராது.