பியர்டியூப் நேரலையில் சர்வரின் வேலை

யூடியூப் போல வீடியோ பார்க்க உதவும், யாரும் தங்கள் சர்வரில் நிறுவி நடத்தக்கூடிய மென்பொருள் பியர்டியூப். அதன் நேரலை பார்வையாளர்களின் கணினிகளுக்குள்ளேயே சுற்றிவருவதால் சர்வரே தேவையில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பலரும் அதைப் பகிர்ந்திருப்பதால் ஒரு சிறு திருத்தம்.

சர்வர் கட்டாயம் வேண்டும். ஓபிஎஸ் போன்ற ஒளிபரப்பு மென்பொருளிலிருந்து வீடியோ ஆர்டிஎம்பி என்ற நேரலை அனுப்பும் நெறிமுறை வழியாக முதலில் சர்வருக்குத்தான் போகிறது. அங்கே எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருள் அதைச் சில நொடி நீளத் துண்டுகளாக வெட்டுகிறது. பல தரங்களில் வேண்டுமென்றால் மாற்றித் தருவதும் அதுதான். ஒரு துண்டு உங்களுக்கு வந்த பிறகுதான், உங்கள் பிரவுசர் அதை வெப்ஆர்டிசி (பிரவுசர்கள் நேரடியாகப் பேசிக்கொள்ளும் வழி) மூலம் இன்னொரு பார்வையாளருக்குக் கொடுக்க முடியும். கொடுக்க ஆளில்லாவிட்டால் துண்டு சர்வரிலிருந்தே வரும். 2021 ஜனவரியில் 3.0 பதிப்பில் நேரலை வந்ததிலிருந்து அடிப்படை அமைப்பு இதுதான். பார்வையாளர்கள் குறைப்பது சர்வரின் பேண்ட்விட்த் சுமையை, அதாவது அது அனுப்ப வேண்டிய தரவின் அளவை. கூட்டம் கூடும்போது அதுவே பெரிய உதவி, மறுக்கவில்லை.

சரிபார்ப்பது எளிது. நேரலை ஓடும்போது பிளேயர் மேல் ரைட் கிளிக் செய்து புள்ளிவிவரத்தைத் திறந்தால், சர்வரிலிருந்து எவ்வளவு வந்தது, மற்ற பார்வையாளர்களிடமிருந்து எவ்வளவு வந்தது என்று தனித்தனியாகக் காட்டும். அப்புறம் அமைப்புகளில் பி2பியை (பார்வையாளர்கள் தங்களுக்குள் துண்டுகளைப் பகிர்வதை) அணைத்துவிட்டுப் பாருங்கள், நேரலை ஓடிக்கொண்டுதான் இருக்கும். தாமதத்தைக் குறைக்கும் தேர்வை ஒளிபரப்புபவர் எடுத்தால் பியர்டியூபே பி2பியை நிறுத்திவிடுகிறது. அப்போதும் படம் வருகிறது.