வாளையார் தாண்டினால் அபராதம் செல்லாதா?

"டிஎன் வண்டிக்குக் கேரளா கேமரா அபராதம் போட்டால் கட்ட வேண்டாம், வாளையார் எல்லையைத் தாண்டினால் அது வெறும் காகிதம்." கேரள எல்லையில் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வாட்ஸ்அப் குழுக்களில் இது மறுபடியும் சுற்றுகிறது. தவறு.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, மத்தியச் சட்டம். வண்டிப் பதிவு விவரமெல்லாம் வாகன் என்ற தேசியத் தரவுத்தளத்தில் இருக்கிறது. 2023 ஜூன் 5 முதல் அபராதம் போட ஆரம்பித்த கேரளக் கேமராக்களுக்கு நம்பர் பிளேட் தெரிந்தால் போதும்.

என் மச்சானுடைய பைக் பொள்ளாச்சிப் பதிவு, டிஎன் 41. கோபாலபுரம் வழியாக இங்கே வந்தபோது பின்னால் இருந்த அக்காவுக்கு ஹெல்மெட் இல்லை. அப்புறம் வந்த சலானைத் திறந்தால் படத்தில் அக்காவின் மல்லிகைப்பூ வரைக்கும் தெளிவு! 500 ரூபாய். இதே தப்புக்குத் தமிழ்நாட்டில் 1000.

கட்டாமல் விட்டால் யாரும் வீடு தேடி வரப்போவதில்லை என்பது ஓரளவு சரிதான். ஆனால் வண்டியை விற்கப் போகும்போது நிலுவைச் சலான் பெயர் மாற்றத்துக்குக் குறுக்கே நிற்கும். தப்பு நம்முடையது இல்லையென்றால் மறுக்க வழி உண்டு, நீதிமன்றத்துக்கும் போகலாம்.

இன்னொன்று. சலான் என்று சொல்லி வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு (போனில் செயலியை நிறுவும் கோப்பு) வந்தால் தொடாதீர்கள், பணத்தைச் சுருட்டும் வேலை அது. அரசின் பரிவாகன் இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு நீங்களே பாருங்கள்.