நெடி அடங்கினால் காற்று தூய்மையாகிவிடுமா?
மையை இளக்கப் பயன்படும் தின்னர் என்ற கரைப்பானின் நெடி தெரியாவிட்டால் அறைக்காற்று பாதுகாப்பானது என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. கடலூரில் ஓர் அச்சகத்தில் 11 ஆண்டுகள் ஸ்கிரீன் பிரிண்டிங் வேலை பார்த்தேன். காலையில் கண்ணைக் கரிக்கும் நெடி அரை மணி நேரத்தில் எங்களுக்குத் தெரியாமல் போகும், ஆனால் வெளியிலிருந்து வருபவர் வாசலிலேயே மூக்கைப் பொத்துவார், மாலையில் எங்களுக்குத் தலைவலியும் கிறுகிறுப்பும் தப்பாது. மரத்துப்போனது மூக்குதான். சில கரைப்பான்களில் கலந்திருக்கக்கூடிய பென்சீன் என்ற வேதிப்பொருள் இன்னும் கொடியது: இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் அந்த ஆவிக்கு அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு விதி 8 மணி நேரச் சராசரியாக வைத்துள்ள வரம்பு காற்றில் 10 லட்சத்தில் 1 பங்கு, பெரும்பாலோரின் மூக்கு அதை உணர்வதற்குள் அந்த வரம்பு கடந்திருக்கும். துணி முகக்கவசம் போதும் என்று முன்பு கருத்திட்ட நண்பருக்கும் ஒரு சொல்: துணி ஆவியைத் தடுக்காது, மை கலக்கும் மேசையருகிலேயே அதை உறிஞ்சி வெளியேற்றும் குழாய்தான் முதலில் வேண்டும்.