மூன்று விரலும் அம்புக்குக் கீழே

வில்வித்தை பற்றிய உங்கள் கட்டுரையில், நாணை இழுக்கும்போது அம்புக்கு மேலே ஒரு விரல், கீழே இரண்டு என்ற பிடியை விட்டு மூன்றையும் கீழே வைத்தால் குறி பார்ப்பது சுலபம் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான், அம்பு கண்ணுக்கு அருகில் வந்துவிடுகிறது. ஆனால் அம்பின் வாலை எங்கே பொருத்துவது என்று காட்ட நாணில் போடும் முடிச்சைப் பற்றி ஒரு வரியாவது சேர்த்திருக்கலாம்.

நான் பிடியை மாற்றியபோது ஆள்காட்டி விரலைப் பழையபடியே வாயோரத்தில் வைத்தேன். அம்பின் வால் ஒரு விரல் அளவு உயர்ந்தது, முனை தாழ்ந்தது. 18 மீட்டரில் அம்பெல்லாம் இலக்குக்குக் கீழேதான் போய்க் குத்தின. அதோடு வால் துள்ளியபடி பறந்தது. முடிச்சைக் கொஞ்சம் மேலே ஏற்றி, அம்பு நழுவாமல் இருக்க அடியில் இன்னொரு நூல் முடிச்சும் போட்ட பிறகுதான் சரியானது.

அப்புறம் இன்னொன்று. பிடியையும் குறிபார்க்கும் முறையையும் ஒரே வாரத்தில் மாற்றாதீர்கள். முதலில் 10 மீட்டரில், வட்டத் தாள் ஒட்டாத வெறும் வைக்கோல் பலகையில், விரலுக்குப் பிடி பழகும்வரை எய்யுங்கள். அம்பு முனைக்கும் இலக்குக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிட்டு எய்வதைப் பிறகு தொடங்கலாம். பழைய கணக்கு எதுவும் புதுப் பிடிக்குப் பொருந்தாது, ஒவ்வொரு தூரத்துக்கும் புதிதாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.